காணப்படவில்லை

'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்' என்ற மூன்று சொற்களைச் சில மாதங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி. போன்ற ஸ்தாபனங்களிலும் ஆசிரியர் தேர்வுக் குழு ஒரு பதவிக்கு வந்தவர்களில் எவரையும் எடுக்காமல் எழுந்துவிடும்போது பதிவேட்டில் எழுதுகிற வாசகம் இது. 2025இல் அரசியல் மேடைக்கும் வந்துவிட்டது. தமிழில் 'தகுதியானவராகக் காணப்படவில்லை' என்று சொல்லலாம். தமிழில் சொன்ன மாத்திரத்தில் அதன் சூட்சுமம் வெளியே தெரிந்துவிடுகிறது. காணப்படவில்லை, சரி. காணாத கண் யாருடையது? செயப்பாட்டு வினை நம் பேச்சோடு ஒட்டாத வினை. சோறு என்னால் உண்ணப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆபீஸ் தமிழில் அதற்கு ராஜ மரியாதை. செய்தவனை வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்த அதைவிடச் சௌகரியமான கருவி கிடையாது.

நான் வேலை பார்ப்பது வங்கியில். அங்கேயும் செயப்பாட்டு வினைதான். என்றாலும் ஒரு செக்கைத் திருப்பி அனுப்பினால் கூடவே ரிட்டர்ன் மெமோ வைக்க வேண்டும். அதில் காரணம் குறிக்க வேண்டும். கணக்கில் போதிய பணம் இல்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி காலாவதியாகிவிட்டது, எண்ணில் ஒரு தொகை எழுத்தில் ஒரு தொகை. செக் ஐந்நூறு ரூபாய்க்கானதாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு மனிதனின் பதினைந்து வருஷப் படிப்பைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் அந்த மெமோ கிடையாது.

இந்தப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். நமக்கு முந்தியவர்களும் நாமும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது தரம் என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான். மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளம் இருக்கிற இடத்தில் அந்தச் சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது நம் வேலைக்கு வெளியே இல்லை.

எனக்கு இந்த விஷயம் ஒரு நண்பர் மூலம் பரிச்சயம். திண்டிவனம் பக்கம் அவர் ஊர். அப்பா ரேஷன் கடையில் எடை போடுபவர். பொறியியலுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு எடுத்துவிட்ட புதிதில், பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்துக் கிண்டி பொறியியல் கல்லூரிக்குள் வந்தவர். பிறகு எம்.எஸ்., டாக்டர் பட்டம், ஜெர்மனியில் இரண்டு ஊர்களில் நாலரை வருஷம். அவர் துறைக்குக் கம்ப்யூட்டேஷனல் நியூரோசயின்ஸ் என்று பெயர். மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கணிதத்தாலும் கணினியாலும் ஆராய்வது. கணிப்பு நரம்பியல் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்; நல்ல சொல் கிடைத்தால் யாராவது எழுதலாம். நாம் பார்ப்பதில் பெரும் பகுதியை மூளை முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கிறது, ஊகம் தவறுகிற இடத்தைத்தான் கண் போன்ற புலன்கள் மேலே தெரிவிக்கின்றன என்று ஒரு கருத்து உண்டு. நண்பரின் வேலை அந்த வழியில் செல்வது. கவிதை படிக்கிறவனுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஊகம் தவறாத வரியை நாம் படிப்பதே இல்லை, கடந்துதான் போகிறோம்.

இந்தத் துறைக்கு வீடு கிடையாது. ஆரம்பத்திலிருந்தே கிடையாது. நரம்பணுவைத் தர்க்க விதியாக எழுதிவிடலாம் என்ற யோசனை வாரன் மெக்கல்லக், வால்ட்டர் பிட்ஸ் இருவரும் 1943இல் எழுதிய கட்டுரையில்தான் முழு உருவம் பெறுகிறது. மெக்கல்லக் மனநோய் மருத்துவர். பிட்ஸுக்கு அப்போது வயது இருபது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவனாகப் பதிவு செய்துகொள்ளாமலே வகுப்புகளில் போய் உட்கார்ந்தவர். பிற்பாடு எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டைத் தானே கொளுத்திவிட்டார். நினைவு பற்றிய வலைப்பின்னல் மாதிரியை 1982இல் எழுதிய ஜான் ஹாப்ஃபீல்ட் இயற்பியல்காரர். ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் படித்தது பரிசோதனை உளவியல். இந்த இருவருக்கும் 2024இல் கொடுத்தது இயற்பியல் நோபல். பரிசுக் கமிட்டிக்கே எந்த அறையில் உட்காரவைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

இங்கே ஐ.ஐ.டி. விளம்பரங்கள் கேட்பது டாக்டர் பட்டம், அதற்கு முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு, ஆதியிலிருந்தே நல்ல மதிப்பெண்கள். பிட்ஸின் விண்ணப்பத்தைக் கணினியே உள்ளே விடாது, சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தில் நின்றுவிடும். விதிவிலக்கைக் காட்டி விதியைத் திட்டுவது சுலபம். அதற்காக இதைச் சொல்லவில்லை. என் நண்பருக்கு முதல் வகுப்பும் இருக்கிறது, டாக்டர் பட்டமும் இருக்கிறது. சிவப்பு நட்சத்திரங்களை எல்லாம் தாண்டியவர் அவர். நான் பேச வந்தது அதற்கு அப்பால் இருக்கிற அறையைப் பற்றி.

ராமானுஜனை இழுக்காமல் சென்னையில் இதைப் பேச முடியாது. தேய்ந்த நாணயம்தான், ஒரு பக்கம் இன்னும் தேயவில்லை. 1912இல் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கையில் பட்டம் இல்லை. ஹார்டியைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். விதியில் இடமில்லாத ஒன்றைச் செய்யலாம் என்று முடிவெடுத்த கமிட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹார்டியின் கடிதம் வந்த பிறகுதான் கமிட்டிக்குத் தைரியம் வந்தது என்பதும் உண்மை. 1960இல் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோதும் அதேதான் நடந்தது. மயிலாப்பூர் ஏகாம்ர நிவாஸில், தம் சொந்த வீட்டில், அல்லாடி ராமகிருஷ்ணன் இளைஞர்களைக் கூட்டி நடத்திக்கொண்டிருந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் போர் மெச்சிச் சொன்னார். விஷயம் சி. சுப்பிரமணியம் வழியாக நேருவரை போயிற்று. 1962 ஜனவரி 3 அன்று மேட்சயன்ஸ் என்று எல்லோரும் சொல்கிற கணித அறிவியல் நிலையம் பிறந்தது. அந்தக் கூடத்தில் யார் உட்காரலாம் என்பதை நிர்ணயித்தவர் ஒருவர். அவர் பெயர் ஊருக்குத் தெரியும். அந்த வாசல்வரை யாரால் நடந்து வந்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி. அதை மயிலாப்பூர் தன்னைத்தானே அவ்வளவாகக் கேட்டுக்கொண்டதில்லை.

நம்மிடம் இருப்பதை நமக்குச் சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வேண்டியிருக்கிறது. இலக்கியத்தில் இந்த வியாதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அடையாறில் அது இப்போது இருக்கைகளாக வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மானிய உதவியாக ஐ.பி.எம். 370 கணினி வந்தது 1973இல். அதை ஒட்டி கான்பூரிலிருந்து எச்.என். மகாபலா வந்து கணினித் துறையைக் கட்டினார். கணினி அறிவியல் என்ற பட்டமே நாட்டில் அரிதாக இருந்த காலம் அது. அந்தத் துறைக்கு முதலில் வந்தவர்கள் எல்லோரும் வேறெதையோ படித்துவிட்டு வந்தவர்களாகத்தான் இருந்திருக்க முடியும். மகாபலாவின் மாணவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவர், பின்னாளில் அங்கே மூளை பற்றிய கணிப்பு ஆராய்ச்சிக்கென்று மூன்று இருக்கைகளுக்குப் பணம் கொடுத்தார். மகாபலா பெயரிலான இருக்கைக்கு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலிருந்து பார்த்தா மித்ரா, இன்னொன்றுக்கு எம்.ஐ.டி.யிலிருந்து மிருகங்க சுர். இருவரும் பெரியவர்கள்; சந்தேகமில்லை. ஏற்கனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைத் தேர்ந்தெடுப்பதில் குழுவுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. 2022இல் அதே குடும்பத்தின் கொடையில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் அங்கே திறக்கப்பட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 'தரணி' என்று பெயர். நல்ல பெயர், நல்ல காரியம். அதை முன்னின்று நடத்துபவர் மின் பொறியியல் துறைக்காரர். அதே வளாகத்தில் மூளையின் கணிப்பைப் பற்றி நீண்ட காலமாக எழுதிவருகிற வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி பல வருஷங்கள் இருந்தது உயிர்த்தொழில்நுட்பத் துறையில். (இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'பாரதி' என்று ஒரு எழுத்தை வடிவமைத்தவரும் அவர்தான். எழுத்துச் சீர்திருத்தம் என்றாலே நமக்கு வருகிற கோபத்தை இங்கே ஒத்திவைக்கிறேன்.) ஆக, மூளைக்காரர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஆளுக்கொரு துறையின் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

வாடகை வீட்டுக்காரனின் கஷ்டம் என்னவென்றால், அவன் சாமான்களை அளப்பது வீட்டுக்காரரின் படியால். நண்பர் விளக்கும்வரை எனக்கு இது தெரியாது. கணினித் துறையில் மதிப்பு மாநாட்டுக் கட்டுரைகளுக்கு. 1987இல் டென்வரில் ஆரம்பித்து, 2018 முதல் நியூரிப்ஸ் என்று பெயர் மாறிய மாநாட்டில் ஒரு கட்டுரை வந்தால் அதற்கு ஒரு விலை. ஆரம்ப வருஷங்களில் அங்கே நரம்பியல்காரர்களும் பொறியாளர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். இன்று இயந்திரக் கற்றலின் திருவிழாவாகிவிட்டது. உயிரியல் துறைக்கு மாநாடு என்பது காப்பி குடிக்கிற இடம்; அங்கே ஜர்னல்தான் எல்லாம், ஒரு கட்டுரைக்கு மூன்று வருஷம். பெயர் வரிசை அதைவிட வேடிக்கை. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தக்காரர். கணினிக் கோட்பாட்டுக் கட்டுரைகளில் அகர வரிசை; முதலும் கடைசியும் பெற்றோர் வைத்த பெயரைப் பொறுத்தது. ஒரே கட்டுரைப் பட்டியலை இரண்டு பேர் கையில் கொடுத்தால் ஒருவர் சோம்பேறி என்பார், மற்றவர் அவசரக்காரர் என்பார். நண்பரின் பட்டியலில் நான்கு ஜர்னல் கட்டுரைகள், இரண்டு மாநாட்டுக் கட்டுரைகள். இரண்டு வீட்டுப் படியாலும் அரைப் படி.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் உதாரணம். நான் மேலே சொன்ன ஊகக் கருத்துக்கு 1999இல் கணித வடிவம் கொடுத்த இருவரில் ஒருவர் ராஜேஷ் ராவ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் இருப்பது கணினி அறிவியல் துறையில். 2009இல் சிந்து எழுத்துக்கள் ஒரு மொழிக்குரிய ஒழுங்கோடு இருக்கின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்த கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வந்ததல்லவா, அதை எழுதியவர்களில் ராவும் ஒருவர், நம் ஐராவதம் மகாதேவனும் ஒருவர், மேட்சயன்ஸின் ரணஜாய் அதிகாரியும் ஒருவர். பார்வைப் புறணியும் சிந்து முத்திரையும் ஒரே ஆள். இவரை எந்தத் துறைக்கு எடுப்பது என்று நம் குழு ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் ஆட்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், தேர்வுக் குழு இரண்டு காரியம் செய்கிறது. முதலில் ஷார்ட்லிஸ்ட். விளம்பரத்தில் இருப்பது குறைந்தபட்சத் தகுதிதான், அதற்கு மேல் துறை தன் இஷ்டத்துக்கு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளலாம். இத்தனை கட்டுரை, இத்தனை மேற்கோள், இந்த ஜர்னல்கள். இது சி.சு. செல்லப்பாவின் அலசல் விமர்சனத்திலிருந்து படிப்பதை எடுத்துவிட்டு எண்ணுவதை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி. அடுத்தது நேர்முகம். இது க.நா.சு. வழி. ரசனை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பது. க.நா.சு. பட்டியல் போட்டார், காரணம் சொல்லவில்லை என்று அவர்மேல் எத்தனை குற்றச்சாட்டு. ஆனால் பட்டியலின் கீழே அவர் பெயர் இருந்தது. எதிர்த்தவன் யாரை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்த்தான். வெங்கட் சாமிநாதனும் தம் பெயரைப் போட்டுத்தான் எழுதினார், சம்பாதித்த விரோதங்களும் அவர் பெயரிலேயே வரவாயின. குழு செய்வது க.நா.சு.வின் விமர்சனம், க.நா.சு.வின் கையெழுத்து இல்லாமல். சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியதும் 'எழுத்து' தொடங்கியதும் ஒரே வருஷம், 1959. ஒன்றுக்கு 600 ஏக்கருக்கு மேல் காடு. மற்றதற்குச் சந்தாதாரர்களைத் தேடி அலைந்த ஓர் ஆசிரியர். யாருடைய தீர்ப்புகளை இன்று எடுத்து வாதாட முடிகிறது என்று பாருங்கள்.

என்னை வேலைக்கு எடுத்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. வங்கிக் குமாஸ்தாவுக்கும் அந்த வழியே வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் நூறு கேள்வி, தவறுக்குக் கால் மார்க் கழிவு. அதைத் தாண்டினால் மெயின் தேர்வு, பிறகு பட்டியல். ஷேக்ஸ்பியரில் பி.ஏ. வாங்கியவனா ஷேர் மார்க்கெட்டில் வாங்கியவனா என்று யாருக்கும் கவலை இல்லை. பேராசிரியர்களையும் அப்படியே எடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு எழுதி விமர்சகனாக முடியாது. படித்துப் பார்த்துத்தான் ஒரு ஆளை எடைபோட வேண்டும், அதில் ரசனை இருக்கும், சாய்வும் இருக்கும். சாய்வு இருக்கிற இடத்தில்தான் காரணம் வேண்டும்.

சட்டம் இந்தச் சாய்வை நேராக்கப் பார்த்திருக்கிறது. 2008இல் மத்திய அரசு ஐ.ஐ.டி.களுக்கு அனுப்பிய உத்தரவில் ஒரு விசித்திரம். விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளில் இட ஒதுக்கீடு ஆரம்ப நிலைப் பதவிகளுக்கு மட்டும். மானுடவியல், சமூக அறிவியல், நிர்வாக இயலில் எல்லா நிலைகளுக்கும். இலக்கியம் போதிக்கிற இடத்தில் மட்டும் தரத்துக்கு ஆபத்து வராது என்பது அதன் உட்பொருள். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற முறையில் நன்றி. பிறகு 13 புள்ளி ரோஸ்டர் தகராறு. காலியிடங்களை வரிசையாக எண்ணி, நாலாவது இடம் பிற்படுத்தப்பட்டவருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு, பதினாலாவது பழங்குடியினருக்கு என்று போவது. துறையை அலகாக வைத்து எண்ணினால் மூன்று பேர் உள்ள துறைக்கு நாலாவது இடமே வராது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைதான் அலகு என்று சொல்ல, நாடு முழுக்கப் போராட்டமாகி, 2019இல் ஸ்தாபனம் முழுவதும் ஒரே அலகு என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. கணிப்பு நரம்பியல் மாதிரி, ஒற்றை ஒற்றையாக ஆள் எடுக்கிற சின்னத் துறைகளுக்கு இதனால் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே சட்டத்தின் கடைசியில் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எட்டு ஸ்தாபனங்கள். அதில் ஒன்று மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம். ஹோமி பாபா தேசிய நிலையமும் அதன் அங்கங்களும் இன்னொன்று. அந்த அங்கங்களுக்குள் கல்பாக்கம் வருகிறது, நம் தரமணி மேட்சயன்ஸும் வருகிறது. ஏகாம்ர நிவாஸிலிருந்து புறப்பட்டது அட்டவணையில் வந்து சேர்ந்திருக்கிறது. ஐ.ஐ.டி.கள் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கலாம் என்று 2020இல் டில்லி ஐ.ஐ.டி. இயக்குநர் ராம்கோபால் ராவ் தலைமையிலான குழு எழுதிக்கொடுத்தது. ஒதுக்கப்பட்ட பிரிவுகளில் டாக்டர் பட்டம் பெறுகிறவர்களே குறைவு, உலகத் தரத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்பது வாதம். முதல் பாதியை நான் மறுக்கவில்லை. ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கிற அறையும் அதே ஸ்தாபனங்களில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் போடாதவரே குளிக்க ஆளில்லை என்று சொல்கிற மாதிரி.

இனி நண்பரின் நேர்முகம். வடக்கே ஒரு ஸ்தாபனம், பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது அந்த ஒரு இடத்தின் குறையாகிவிடும். பிற்படுத்தப்பட்டோருக்கான இடம், கணினித் துறை. முதல் நாள் கருத்தரங்கு நன்றாகவே போயிற்றாம், மாணவர்கள் மதியம்வரை விடவில்லை. மறுநாள் குழு. இந்த மாதிரி இடங்களில் இயக்குநர் தலைமையில் வெளி நிபுணர்களும் துறைத் தலைவரும் இருப்பது வழக்கம். இங்கே ஏழு பேர். பதினேழு நிமிஷம். ஒருவர் கேட்டார், "நீங்கள் கணினிக்காரரா, மூளைக்காரரா?" இன்னொருவர், "எலியைத் தொட்டதுண்டா?" மூன்றாமவர் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுப்பீர்களா என்று கேட்டார். எடுப்பேன், எடுத்திருக்கிறேன் என்றார் நண்பர். மூத்தவராகத் தெரிந்தவர் கனிவாக, "உங்கள் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். நண்பர் இதைச் சொன்னபோது மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். "அந்த 'தான்' இருக்கே சார், அதை எந்த ஜர்னல்ல போடறது?" என்றார். நாலு மாதம் கழித்து வலைத்தளத்தில் ஒரு அட்டவணை வந்தது. அந்த இடத்துக்கு நேரே மூன்று எழுத்து. என். எஃப். எஸ்.

அவர் எடுபட்டிருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவர் கட்டுரைகளைப் படித்து எடைபோட எனக்கு யோக்கியதை இல்லை. குழுவுக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். பரிசோதனை தெரியாதவர், கணிதத்தில் ஆழம் போதாது, எங்கள் துறைக்கு இப்போது வேறு ஆள் வேண்டும், எதுவானாலும் சரி. மூன்று வரி. அந்த மூன்று வரி இருந்தால் நண்பர் அதை மறுத்திருப்பார், அல்லது திருத்திக்கொண்டிருப்பார். குறைந்தபட்சம், அடுத்த வருஷம் அதே இடத்துக்கு வருகிறவருக்கும் அதே மூன்று வரி பொருந்துகிறதா என்று யாராவது ஒத்துப் பார்த்திருக்கலாம். 'காணப்படவில்லை'யை எதோடும் ஒத்துப் பார்க்க முடியாது. மறுக்க முடியாத விமர்சனம் விமர்சனமே அல்ல என்று நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறோமே.

தகவல் அறியும் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பிகார் தேர்வாணைய வழக்கில் 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நேர்முகம் செய்தவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்கு ஆபத்து நேரலாம் என்பது காரணம். நம் ஊரைப் பார்த்தால் அது வெறும் பயம் என்று தள்ள முடியவில்லை. பெயர் வேண்டாம், இருக்கட்டும். பெயரை மறைத்த கையோடு காரணத்தையும் ஏன் மறைக்க வேண்டும்?

பணம் கைமாறுகிற இடங்களை நான் பேசவில்லை. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் ஓர் உதவிப் பேராசிரியர் பதவிக்கு 30 லட்சம் லஞ்சம் வாங்கியதாகக் கைதானார். ஒரு லட்சம் ரொக்கம், மீதிக்குச் செக் என்று செய்தி. லஞ்சத்துக்குச் செக் என்று படித்தபோது எங்கள் கிளையில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. அந்த வகை ஊழலுக்காவது போலீஸ் உண்டு, சாட்சி உண்டு, கணக்கு எண் உண்டு. நான் சொல்கிற அறையில் இருக்கிறவர்கள் ஒரு பைசா வாங்காதவர்கள். படித்தவர்கள், மெனக்கெட்டு விமானம் ஏறி வந்தவர்கள். தாங்கள் கண்டது தரம், காணாதது தரமின்மை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மூளை ஊகிக்கிறது என்று நண்பர் சொல்கிறாரே, ஏழு மூளைகள் சேர்ந்து ஒரே ஊகத்தைப் போட்டால் தவறு எங்கே தெரியவரும் என்று அவரைக் கேட்டேன். தெரிய வராது, அதற்கு வெளியிலிருந்து சமிக்ஞை வேண்டும் என்றார். விஞ்ஞானமாகத்தான் சொன்னார்.

இப்போது அவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். வங்கிகளுக்கு மோசடிப் பரிவர்த்தனைகளைப் பிடித்துக்கொடுக்கிற மென்பொருள். சம்பளம் உதவிப் பேராசிரியரைவிட அதிகம். ஒரு பரிவர்த்தனையைச் சந்தேகம் என்று நிறுத்தினால் ஏன் நிறுத்தியது என்பதையும் மென்பொருள் சொல்ல வேண்டும் என்று ஒரு வங்கி ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறதாம். என் வங்கி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் நிரப்பினோம். நான் அவருடைய ஆராய்ச்சித் திட்ட அறிக்கையின் இங்கிலீஷைப் பார்த்துக்கொடுத்தேன். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. துறை என்ற கட்டத்தில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. இந்த முறை உயிர்த்தொழில்நுட்பம் என்று போட்டிருக்கிறார். பரிந்துரைக் கடிதம் ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. ஜெர்மனியில் கோடை விடுமுறை.